சின்னத்திரைக் காதலும் ஒரு ரசிகையின் தீர்ப்பும்

தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் பெண் என்றால் நம் முற்போக்கு வட்டாரங்களில் ஏளனப் புன்னகை எழுவது வழக்கமாகிவிட்டது. மேடைகளிலே வர்த்தகப் பண்பாட்டைச் சாடப் புகும் பேச்சாளர், சின்னத்திரையின் முன் கண்ணீர் வடித்திருக்கும் இல்லத்தரசியை உதாரணத்துக்கு இழுத்துவந்து நிறுத்தாமற் போவது அரிது. கதாநாயகி யாரை மணப்பாள் என்று இவள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கையில் அரிசியின் விலை ஏறிவிட்டது என்பார். அவையோர் கைதட்டுவர். விலை ஏறியதை அந்த அவையிலுள்ள எவரினும் முதலில் அறிந்தவள் அப்பெண்ணே என்பது மட்டும் அங்கே ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இந்த ஏளனத்தை நாம் ஏற்பதற்கில்லை. தொடர்களை நாம் போற்றப் புகுந்தோம் என்று நண்பர்கள் அஞ்ச வேண்டாம். சரக்கையும் அதனை வாங்குபவரையும் ஒன்றாகக் கட்டி நிறுப்பது விமர்சனமாகாது என்பதே நம் வாதம். 1960களின் தொடக்கத்தில் ஈழத்திலே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை ஈண்டு நினைவூட்டல் தகும். உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் ஏற்றிய முற்போக்கு எழுத்தாளரை நோக்கி, இது இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் முகஞ்சுளித்தனர். அந்தச் சொல்லை எதிர்த்து நின்று வளர்ந்த இயக்கத்தின் வழிவந்தோர், இன்று தொடர் பார்க்கும் பெண்களின் பேச்சை அதே முகச்சுளிப்போடு ஒதுக்குவது பொருந்துமா?

இன்னொன்றும் உண்டு. கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா என்று நம் ஊர்களிலே பட்டிமன்றம் நடக்கிறது. மாலையும் பொன்னாடையும் அணிந்த அறிஞர்கள், கோவலன் செய்தது சரியா, மாதவியின் கடிதத்தை அவன் ஏற்றிருக்க வேண்டாமா என்று மூன்று மணி நேரம் வாதிடுகின்றனர். அதனை இலக்கியச் சுவை என்கிறோம். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு காதலி ஆகிய மூவரின் சிக்கலைப் பற்றி அங்கே ஆடவர் பேசுவது எதுவோ, அதனைத்தான் குழாயடியில் பெண்கள் பேசுகின்றனர். அங்கே நடுவர் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, மறுநாள் பத்திரிகையில் படமும் உண்டு. குழாயடியில் இவை இல்லை. வேறு வேற்றுமை யாது?

நாம் எடுத்துக்கொண்ட தொடர் ‘கோலங்கள்’. சன் தொலைக்காட்சியில் 2003ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி 2009ஆம் ஆண்டு டிசம்பர் வரை 1,500க்கு மேற்பட்ட அங்கங்களாக ஓடியது. திருச்செல்வம் இயக்கினார், தேவயானி அபி என்னும் நாயகியாக நடித்தார். குடும்பத்தின் பாரத்தைத் தோளிற் சுமக்கும் மூத்த மகள் அபி. பணத்தாசை பிடித்த கணவன் பாஸ்கரோடு வாழ்வு முறிகிறது. தந்தையின் மற்றொரு குடும்பத்து மகனாகிய ஆதித்யா அவளை அழிக்கச் சூள் கொள்கிறான். இவற்றுக்கிடையே கட்டிடத் தொழிலில் அவள் தன்காலில் நிற்கிறாள். அவளுக்கு உற்ற துணையாக ஓர் ஆடவன் வருகிறான். அவன் பெயர் தொல்காப்பியன். அவ்வேடத்தை இயக்குநரே தாங்கினார். இவன் நண்பனா, காதலனா? இவள் மனத்தில் இருப்பது நன்றியா, வேறொன்றா? இந்த வினாவைத்தான் இரு கரையிலுமுள்ள தமிழ்ப் பெண்கள் ஆண்டுக்கணக்காக இரவில் கேட்டுப் பகலில் பேசினர்.

அகத்திணை மாந்தருக்குப் பெயர் சுட்டலாகாது என்பது பழைய தொல்காப்பியரின் விதி. பெயரில்லாத தலைவியின் இடத்தில் எவளும் தன்னை இருத்திக்கொள்ளலாம். புதிய தொல்காப்பியனின் கதையில் எல்லோருக்கும் பெயருண்டு. ஆயினும் நிகழ்ந்தது அதுவே. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனித்தல் வேண்டும். நம் கல்விமான்கள் எண்ணுவதுபோல் ரசிகை தன்னைத் தலைவியாகக் கருதி மயங்கியிருக்கவில்லை. அவள் மேற்கொண்ட பாத்திரம் தோழியுடையது. தலைவியை இடித்துரைப்பவள், தலைவனை நம்பாதே என்பவள், செவிலிக்கு அறத்தொடு நிற்பவள், ஊரின் அலரை எடைபோடுபவள் தோழியே. சங்க அகப்பாட்டில் அறிவு மிகுந்த பாத்திரமும் அவளே என்பது நம் துணிபு.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் நெடுஞ்சாலையில் அக்குறணையைத் தாண்டினால் அலவத்துகொட. சிங்களவரும் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்கும் ஊர். சக்தி தொலைக்காட்சியும், பின்னர் கூரைகளில் முளைத்த டிஷ் அன்டெனாக்களும் தமிழ்நாட்டுத் தொடர்களை இங்குள்ள கடை வீடுகளுக்கும் தோட்டத்து லயக் காம்பிராக்களுக்கும் ஒருங்கே கொண்டுவந்தன. பேராசிரியர் சிவத்தம்பி, தமிழர் அனைவரும் சாதிப் படிநிலை கடந்து ஒரு கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்று எழுதினார். லயத்திலே ஒரு காம்பிராவில் மட்டும் பெட்டி இருந்த காலத்தில், அதன் வாசலில் அமர்ந்த கூட்டத்தைப் பற்றியும் இப்படி ஒருவர் எழுதியிருக்க வேண்டும். அக்கூட்டத்திற் பெரும்பாலோர் பெண்கள் ஆதலால் எழுதாமற் போயினர் போலும்.

இங்கு நாம் அறிந்த ரசிகை ஒருவர் உண்டு. தோட்டத்துப் பெண், ஐம்பதைக் கடந்தவர், இரு பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காக இருமுறை குவைத்துக்கு வீட்டு வேலைக்குச் சென்று வந்தவர். கணவர் வேறோர் ஊரில் வேறொருத்தியுடன் குடித்தனம் நடத்துகிறார். பதிவேட்டின்படி இன்றும் இவர் அவருடைய மனைவியே. ‘கோலங்கள்’ பற்றி இவர் கூறுபவற்றைக் கேட்டால், நம் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகள் சில நாணித் தலைகுனியும்.

பாஸ்கர் திருந்தியவன்போல் வரும்போதெல்லாம் இவருக்குச் சினம் பொங்குமாம், பாஸ்கர்மீதன்று, அபியின்மீது. “அவன் அழுறான்னு இவளும் அழுறா பாருங்க சேர், அதுதான் எனக்கு ஆத்திரம். சம்பளத் தேதி முடிஞ்சா அழுகையும் முடிஞ்சிரும்” என்றார். தொல்காப்பியனைப் பற்றிய இவருடைய ஐயமும் கூர்மையானது. “அவன் நல்லவன்தான். ஆனா கேக்காமயே வந்து வந்து நிக்கிறான். நாளைக்கு இவ்வளவு செஞ்சேனேன்னு சொல்ல மாட்டானா?” ஆடவனின் உதவிக்குள் ஒளிந்திருக்கும் கடன்பத்திரத்தை இதனினும் சுருக்கமாக எவர் எடுத்துக்காட்டுவார்? அதே மூச்சில், அபி அவனோடு போய்விட வேண்டும் என்றும் இவர் விரும்பினார். ஐயமும் விருப்பமும் ஒருங்கே இருத்தல் முரண்பாடு எனின், அது வாழ்வின் முரண்பாடு. அதனை மறைத்துப் பேசாமை ரசிகையின் நேர்மை.

அபியின் விவாகரத்துப் பற்றிப் பேச்செழுந்தபோது இவர் கூறியது ஒரே வாக்கியம். “அவளுக்கு வக்கீல் இருந்தாங்க, கோர்ட்டும் பக்கத்துல இருந்துச்சு.” மேலும் பேசவில்லை. அந்த வாக்கியத்தின் பின்னுள்ள உண்மையைச் சற்று விரித்துரைத்தல் நம் கடன்.

இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், கணவன் மனைவி இருவரும் ஒருமனப்பட்டுப் பிரியும் வழி 1976இல் சேர்க்கப்பட்டது. சென்னையிலுள்ள அபிக்கு அது உண்டு. அலவத்துகொடையின் நிலை யாது? இவ்வூரின் ஒரே வீதியில் மூன்று சட்டங்கள் குடியிருக்கின்றன. கண்டியச் சட்டத்தின்கீழ் மணந்த சிங்களப் பெண்ணுக்கு, 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இருவரின் இசைவோடும் மாவட்டப் பதிவாளரின் முன்னே விடுபட வழி திறந்தது, வழக்காட வேண்டுவதில்லை. முஸ்லிம் பெண்ணுக்கு 1951ஆம் ஆண்டின் சட்டமும் காதி நீதிமன்றமும். கணவன் காரணம் காட்டாது தலாக் கூறலாம். மனைவி காரணத்தை நிறுவ வேண்டும். காதியாக ஆண்களே அமரலாம் என்றும் அச்சட்டம் வகுத்தது. தமிழ்ப் பெண்ணுக்கோ 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். சோரம், கெடுநோக்குடன் கைவிடல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறை என்று மூன்று காரணங்களையே அது ஏற்றது. ஒன்றையேனும் மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். இருவரும் கைகோத்து வந்து, எங்களுக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னாலும் அக்கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நாட்கூலி எடுக்கும் பெண் ஒருத்தி தவணைதோறும் கூலியை இழந்து, கண்டிக்குப் பஸ் ஏறி, சட்டத்தரணிக்குப் பணம் கட்டி, தன் கணவனின் சோரத்தை ஊரறிய நிறுவுவாளா? கைவிட்டவனின் பெயரைப் பிள்ளைகளின் பத்திரங்களில் எழுதிக்கொண்டு காலந்தள்ளுவதே மலிவு.

இந்நிலையிலுள்ள ஒருவருக்கு, அபி மறுமணம் செய்யலாமா என்ற வினா பொழுதுபோக்கன்று. தம் வாழ்வில் வாய்விட்டுக் கேட்க முடியாததை இன்னொருத்தியின் பெயரால் அவர் கேட்கிறார். தம்மைப் பற்றிப் பேசினால் அலர். அபியைப் பற்றிப் பேசினால் நாடக விமர்சனம். இந்த மறைவிடத்தின் அருமையை, மறைவிடம் வேண்டாதோர் உணர்தல் கடினம்.

இது நமக்கு மட்டும் உரியதுமன்று. பெரு நாட்டில் 1969இல் ‘சிம்ப்ளமெந்தே மரியா’ என்றொரு தொடர் வந்தது. நாட்டுப்புறத்திலிருந்து தலைநகர் லீமாவுக்கு வீட்டு வேலைக்கு வந்த மரியா, ஒரு செல்வனால் வஞ்சிக்கப்பட்டு, எழுத்தறிவும் தையலும் கற்று முன்னேறும் கதை. எழுத்தறிவித்த ஆசிரியர் அவளை மௌனமாக நேசித்துக் காத்திருக்கிறார். இறுதியில் அவர்களின் திருமணத்தை லீமாவிலுள்ள ஒரு தேவாலயத்தில் படமாக்கியபோது, ஏறத்தாழ 10,000 பேர் நல்லாடை உடுத்திப் பரிசுப் பொருள்களோடு வந்து குழுமினர். வந்தவருள் வீட்டு வேலைக்காரப் பெண்கள் பலர். நடிகர்கள் என்பதை அவர்கள் அறியாரா? நன்கறிவர். வேலைக்காரி ஒருத்தி மதிப்போடு மணக்கப்படும் காட்சி தம் நகரில் ஒருமுறை நடைபெறுகையில் தாமும் உடனிருக்க விரும்பினர், அவ்வளவே. இந்தியத் தூரதர்ஷனில் 1984, 1985ஆம் ஆண்டுகளில் ஓடிய ‘ஹம் லோக்’ தொடருக்கு 4 இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. மூத்த மகள் பட்கிக்கு அறிவுரை கூறியோர் பலர். அவள் திருமணம் பற்றி எழுதியோர் பலர். குவைத்தில் பிறர் வீட்டுச் சமையலறையில் நின்ற நம் தோட்டத்துப் பெண்ணுக்கும் லீமாவின் வேலைக்காரிக்கும் இடையே ஒரு பெருங்கடலும் முப்பது நாற்பது ஆண்டுகளும் உள்ளன. உறவு அதனினும் நெருக்கமானது.

படித்தவர் இதற்கு விலக்கு என்றும் எவரும் நினைக்க வேண்டாம். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ கல்கியில் தொடராக வந்த நாட்களில் அரவிந்தன், பூரணி என்று தம் குழந்தைகளுக்குப் பெயரிட்ட பெற்றோர் பலர்; அரவிந்தனின் சாவுக்குத் துயருற்றோர் அவரினும் பலர். பின்னாளில் அது தொலைக்காட்சித் தொடரானபோது அரவிந்தனாக நடித்தவர் மு. க. ஸ்டாலின் என்பது இளைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். அந்த வாசகரை எவரும் மூடர் என்றிலர். நூலைப் பார்த்து அழுதால் மென்மை, பெட்டியைப் பார்த்து அழுதால் மடமை என்பது எந்தச் சாத்திரம்?

இனித் தொடரின் பக்கம் வருவோம். ரசிகைக்குக் காட்டும் பரிவை அதனைச் செய்து விற்போருக்கும் காட்டின் நாம் கடமை தவறியோராவோம்.

தமிழ்நாட்டுத் தொடரின் பொருளாதாரம் எளியது. தயாரிப்பாளர் அலைவரிசையிடம் அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கி, அதனுள் விளம்பர நேரத்தை விற்றுப் பொருளீட்டும் முறையே சன் தொலைக்காட்சியில் நெடுங்காலம் நிலவியது. கதை ஓடும்வரை வருவாய். முடிந்தால் இடம் போய்விடும். ஆகவே ஒரு காதலின் சிக்கல் தீர்வது தயாரிப்பாளருக்கு நட்டம். விளம்பரம் போக இருபது நிமிடமென்று கொண்டாலும் 1,500 அங்கங்கள் 500 மணி நேரமாகின்றன. ‘போரும் அமைதியும்’ நாவலை ஒருவர் நிதானமாகப் பலமுறை படித்து முடிக்கலாம். ஒரு பெண் இருவருள் எவரைத் தேர்வாள், அன்றி எவரையும் வேண்டாளோ என்னும் வினாவுக்கு அத்தனை நேரம் எங்ஙனம் போதாமற் போயிற்று? கடிதம் தவறான கையில் விழும். உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போது தொலைபேசி ஒலிக்கும். திருந்தியவன் மறுவாரம் கெடுவான். இவை மனித மனத்தின் சிக்கல்கள் அல்ல. சவர்க்காரமும் பட்டுச்சேலையும் விற்பதற்கான கால நீட்டிப்பு. அமெரிக்க வானொலியில் 1930களிலே இவ்வகை நாடகங்களைச் சவர்க்காரக் கம்பெனிகள் நடத்தியமையால் இவற்றுக்குச் சவர்க்கார நாடகம் என்றே பெயர் வந்தது. பெயரிட்டவன் உண்மையை உரைத்துவிட்டான்.

இந்த நீட்டிப்பையும் நம் ரசிகை அறியாதவரல்லர். “இன்னிக்குச் சொல்ல மாட்டா சேர், இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்பார். வார இறுதியின் தொங்கலை முன்கூட்டியே உணரும் இந்த அறிவு, தொழிலாளி முதலாளியின் கணக்கை உணரும் அறிவுக்கு அண்மையிலுள்ளது. ஆயினும் அவர் பார்க்கிறார். நாள் முழுதும் கொழுந்து கிள்ளி, தண்ணீர் சுமந்து, அடுப்பூதியவருக்கு அரைமணி நேரம் உட்காரக் கிடைத்த காரணம் அது. அந்த அரைமணியைச் சுரண்டுவோர்மீது நம் சினம் செல்லட்டும்.

நாம் ஒருநாள் நேராகவே கேட்டோம்: அபி அவனோடு போயிருக்க வேண்டும் என்கிறீர்களே, ஆண்டுக்கணக்கில் போகவிடாமல் இழுத்தார்களே, உங்களுக்கு வெறுப்பு வரவில்லையா? அவர் சற்று யோசித்தார். “அவ போயிருந்தா எங்க வீட்டு ஆம்பளைங்க அன்னிக்கே டீவியை நிப்பாட்டியிருப்பாங்க. அவ போகாததாலதான் நாங்க பார்க்க முடிஞ்சிச்சு.”

‘கோலங்கள்’ பற்றி நாம் அறிந்த விமர்சனங்களுள் இதுவே தலையாயது. அபிக்குத் தொழில் நடத்த உரிமை உண்டு. ஆதித்யாவை எதிர்க்க உரிமை உண்டு. கணவனைப் பிரியவும் ஒருவாறு இசைவு உண்டு. இன்னோர் ஆடவனை விரும்புகிறேன் என்று சொல்லும் உரிமையை மட்டும் தயாரிப்பாளர் அளந்தளந்து, காலந்தாழ்த்தி, நட்பு என்னும் போர்வையால் மூடி மூடியே வெளியே எடுத்தனர். காரணம் விளம்பரம் மட்டுமன்று. கூடத்தில் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருப்பவர் இருவகையினர். ஒருத்தி அபி போக வேண்டும் என்று மௌனமாக விரும்புகிறாள். பின்னால் நாற்காலியில் அமர்ந்திருப்பவன் போகலாகாது என்று நினைக்கிறான். தொலைவியக்கி அவன் கையில். இருவரையும் இழக்காதிருக்க வேண்டுமெனின் அவள் எப்போதும் போகும் தறுவாயிலும், எப்போதும் போகாமலும் இருக்க வேண்டும். நம் தொடர்களில் காதல் ஏன் இத்துணைச் சிக்கலாயிற்று என்ற வினாவுக்கு விடை கதாசிரியரின் கற்பனையில் பாதிதான் கிடைக்கும். எஞ்சிய பாதி நம் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. முற்போக்கு இல்லங்களின் கூடங்களும் இதில் அடங்கும் என்பதைத் தோழர்கள் பொறுத்தருள்க.

கதையின் முடிவைப் பற்றி நாம் பேசவில்லை என்று சிலர் குறை கூறலாம். ரசிகையரின் நினைவில் நின்றது முடிவன்று. அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளே.

திருச்செல்வம் 2022ஆம் ஆண்டில் ‘எதிர்நீச்சல்’ என்னும் தொடரோடு மீண்டும் வந்தார். படித்த பெண்கள் நால்வர், கொடுங்கோலனான ஆதி குணசேகரனின் கூட்டுக்குடும்பத்தில் மருமகளாய் அகப்பட்டுத் திணறும் கதை. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் காலமானார். வில்லனாக அவர் ஆடிய ஆட்டத்துக்கு ரசிகர் பெருகியமை தனியே ஆராயத்தக்கது; இங்கு அது வேண்டா. குணசேகரனின் மனைவி ஈஸ்வரியை இளமையில் நேசித்த ஒருவன் பின்னர் கதைக்குள் வருகிறான். மக்களுக்காகப் போராடுபவன், பெயர் ஜீவானந்தம். எந்த ஜீவாவின் நினைவில் அப்பெயர் இடப்பட்டது என்று இவ்விதழின் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. வேடந்தாங்கியவர் இம்முறையும் இயக்குநரே. இருபதாண்டு கழிந்தும் அதே வினா, அதே முகத்தோடு, அதே வாசலில் வந்து நின்றது.

நம் ரசிகை அதனையும் பார்த்தார். இப்போது பெட்டி அவருடையது. குவைத்துப் பணத்தில் வாங்கியது. உடனிருந்து பார்த்தவள் கண்டியில் ஒரு கடையில் கணக்கெழுதும் மகள். ஈஸ்வரி ஜீவானந்தத்தின் முன் சொல்ல முடியாமல் நிற்கும் காட்சி ஒன்றில், மாமன்மார் இருவர் கூடத்தில் அமர்ந்திருக்க, “போயேன், யாரு உன்னப் புடிச்சி வச்சிருக்கா” என்று மகள் உரக்கச் சொன்னாளாம். மாமன்மார் ஒருவரையொருவர் பார்த்தனர். பெட்டியை நிறுத்த எழுந்தவர் எவருமில்லை. தொலைவியக்கி அன்று தாயின் மடியில் கிடந்தது.